37 வயதில் சமையல் படிக்கப் போனேன்

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 14 வருடம் வேலை பார்த்தேன். 2022-இல் அதை விட்டுவிட்டு, என் வயதில் பாதி இருக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து சமையல் படித்தேன். இப்போது புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் மீன் பிரிவில் இருக்கிறேன். இதே யோசனையில் இருக்கிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் பேசுகிறார்கள், பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். "உங்களுக்கு முன்னாடியே நல்லா சமைக்க வருமா?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. வரும். ஆனால் நான் நினைத்திருந்த அளவுக்கு அது கைகொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என் பொறுப்பு. விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கி வருவது, கழுவுவது, புளி கரைப்பது எல்லாம் நானே. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு "நீ பேசாம ஒரு ஓட்டல் வெச்சுடு" என்பார்கள். அந்தக் குழம்பு ஒரு வாரம் காரம் தூக்கலாக இருக்கும், ஒரு வாரம் புளிப்பு கொஞ்சம் முன்னே நிற்கும். வீட்டில் யாரும் அதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். ஓட்டலில் சனிக்கிழமை ராத்திரி அதே மீனை 40 தட்டு போட வேண்டும். முதல் தட்டும் நாற்பதாவது தட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சொன்ன நிமிடத்தில் வெளியே போக வேண்டும். சமைக்கத் தெரிவது வேறு, சமையல் வேலை வேறு என்று எனக்குப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

வேலையை விடும் முன் நான் செய்த ஒரு காரியத்தை எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு மெஸ் நடத்தும் அக்காவிடம் கேட்டு, சம்பளம் வாங்காமல் 7 வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனேன். காலை 6 மணிக்குப் போனால் திரும்ப மாலை 4 ஆகும். முதல் மூன்று வாரம் பூண்டு உரித்தேன், பாத்திரம் தேய்த்தேன், அரிசி களைந்தேன். நான்காவது வாரம்தான் அடுப்புப் பக்கம் விட்டார். வீட்டில் ஒரு கிலோ அரிசிக்கு வைக்கிற தண்ணீர்க் கணக்கைப் பத்தால் பெருக்கி 10 கிலோவுக்கு வைக்கச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு என் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டார். "பெரிய டேக்ஸால தண்ணி அவ்வளவு வத்தாதுப்பா, குழைஞ்சு போயிடும்" என்றார். அரிசி பத்து மடங்கானாலும் ஆவியாகப் போகும் தண்ணீர் பத்து மடங்காவதில்லை. இந்த மாதிரி விஷயம் எதுவும் நாலு பேருக்குச் சமைக்கிறவனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அந்த 7 வாரத்தில் எனக்கு முதுகு வலித்தது, கை எரிந்தது, ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் மறுநாள் போவதை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நம்பித்தான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் 18 மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை நான் விடவில்லை. வண்டிக் கடனை முன்பே அடைத்தேன். பி.எஃப். பணத்தைத் தொடவில்லை. என் மனைவி ஒரு பள்ளியில் ஆசிரியை, அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் இதை நான் செய்திருக்கவே முடியாது. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசியை, வேலையில் இருக்கும்போதே எடுத்து வைத்தேன். ஏற்கெனவே இருக்கிற வியாதிகளுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அந்தக் கடிகாரம் சீக்கிரம் ஓட ஆரம்பித்துவிட்டால் நல்லது. படிப்பு முடிந்து நான் வாங்கிய முதல் மாதச் சம்பளம் 13,500 ரூபாய். பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இது முன்கூட்டியே தெரிந்திருந்ததால் வீட்டில் யாரும் அதிரவில்லை.

சேருவதற்கு வழி மூன்று. ஓட்டல் நிர்வாகத்தில் மூன்று வருடப் பட்டம் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துச் சேரக்கூடிய, சமையல் மட்டும் கற்றுத்தருகிற கைத்தொழில் சான்றிதழ்ப் படிப்பு இன்னொன்று. மூன்றாவது, எதுவும் படிக்காமல் நேராக ஒரு கிச்சனில் உதவியாளாக நுழைந்து மேலே வருவது. நான் இரண்டாவதை எடுத்தேன். ஒரு வருடம் வகுப்பு, அதன்பின் ஆறு மாதம் ஓட்டலில் பயிற்சி. மூன்று வருடம் என் குடும்பத்துக்குத் தாங்காது. மூன்றாவது வழியில் வருகிறவர்கள் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள், எங்கள் கிச்சனிலேயே இருவர் உண்டு. ஆனால் அவர்கள் 16, 17 வயதில் நுழைந்தவர்கள். முப்பத்தைந்துக்கு மேல் வருகிறவனுக்கு ஏன், எதற்கு என்று விளக்கிச் சொல்லிக்கொடுக்க வேலை நேரத்தில் யாருக்கும் பொழுதிருக்காது. வகுப்பில்தான் அதைக் கேட்க முடியும்.

வகுப்பில் முதல் நாள் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். எட்டு அங்குலக் கத்தி. வெங்காயத்தை 3 மில்லிமீட்டர் சதுரமாக வெட்ட வேண்டும், அதற்கு ப்ருனுவாஸ் என்று பெயர். நான் சின்ன வயதிலிருந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரிவாள்மனையில் அரிந்து பழகியவன். அரிவாள்மனையில் கத்தி அசையாது, காய்தான் நகரும். காயைப் பிடித்த இரண்டு கையும் கத்தியை நோக்கிப் போகும். இங்கே அப்படியே தலைகீழ். காய் பலகையில் அசையாமல் இருக்கும், கத்திதான் நகரும். என் இடது கை பழைய பழக்கத்தில் காயைக் கத்திப் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. முதல் வாரத்தில் மூன்று தடவை விரலில் வெட்டு. பக்கத்தில் நின்ற 18 வயதுப் பையன்களுக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை, அதனால் நாலே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆசிரியர் என்னை விடச் சின்னவர். ஒருநாள் வகுப்பு முடிந்து என்னை நிறுத்தி, விரல் நுனியை உள்ளே மடக்கி, நடுவிரல் முட்டியில் கத்தியின் பக்கவாட்டைச் சாய்த்து வைக்கச் சொன்னார். முட்டிதான் அளவுகோல், முட்டி எவ்வளவு பின்னால் நகர்கிறதோ அவ்வளவுதான் துண்டின் கனம். கத்தியின் பிடியை மட்டும் பிடிக்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரும்பையே கவ்வ வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் தினமும் ராத்திரி ஒரு கிலோ வெங்காயம், அரைக் கிலோ கேரட். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வெங்காயச் சட்னி, வெங்காயக் குழம்பு, வெங்காய ஊத்தப்பம்தான். என் மகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். 1000 எண் சாணைக்கல் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை நானே தீட்டவும் பழகினேன். கூர் மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலில் ஏறும், தீட்டிய கத்தி நாம் சொன்ன இடத்தில் இறங்கும்.

இன்னொரு பாடம் மீன் ஸ்டாக், அதாவது மீனின் முள்ளையும் தலையையும் தண்ணீரில் போட்டு எடுக்கிற சாறு. பிறந்தது முதல் மீனோடு வாழ்கிற ஊர்க்காரன் எனக்கு மீனைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. நம் குழம்பு கொதிக்கக் கொதிக்க ருசி, மறுநாள் இன்னும் ருசி. ஸ்டாக் அப்படி இல்லை. கொடுவா, சங்கரா மாதிரி கொழுப்பு குறைந்த மீனின் முள்ளும் தலையும்தான் அதற்கு ஏற்றவை. மத்தியும் கானாங்கெளுத்தியும் ஆகாது, எண்ணெய் மிதந்து வாடை தூக்கிவிடும். செவுளை எடுத்துவிட வேண்டும், ரத்தம் போகக் கழுவ வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஆரம்பித்து, கொதிக்கவிடாமல், ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழி வரும் சூட்டில் 20 நிமிடம், மிஞ்சினால் 30. நான் முதல் தடவை ஒரு மணி நேரம் வைத்தேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். கலங்கலாக, அடிநாக்கில் கசப்பு. கோழி எலும்புக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும், மீன் முள் மெலிசு, சீக்கிரம் சாரத்தை விட்டுவிடும், அதன்பின் விடுவதெல்லாம் கசப்புதான். தெரிந்த பொருளைத் தெரியாதது போலப் பார்க்கப் பழகியது அன்றிலிருந்துதான். பெரியவர்களாகி வருகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன். நமக்கு ஏற்கெனவே நிறையத் தெரிந்திருக்கிறது.

பயிற்சிக்குப் போன ஓட்டலில் எனக்கு மேலே இருந்த சிடிபிக்கு 25 வயது. கிச்சனில் அடுக்கு தெளிவானது: கீழே கமி, அதற்கு மேல் டெமி, அப்புறம் பிரிவுப் பொறுப்பாளரான சிடிபி, சூ ஷெஃப், எக்ஸிகியூட்டிவ் ஷெஃப். நான் கமிக்கும் கீழே, ட்ரெய்னி. அந்தத் தம்பி விழுப்புரம் பக்கம், நல்ல பையன். என்னை "அண்ணே" என்றே கூப்பிட்டான். அதில்தான் சிக்கல் வந்தது. மற்ற பையன்கள் தப்பு செய்தால் அந்த இடத்திலேயே கத்துவான். நான் செய்தால் ஒன்றும் சொல்லாமல் அவனே சரி செய்துவிட்டுப் போவான். மூன்று வாரம் போனபின் எனக்கு உறைத்தது, அந்த மூன்று வாரத்தில் என்னை யாருமே திருத்தவில்லை. ஒரு மத்தியானம் பின்கட்டில் டீ குடிக்கும்போது பேச்சை எடுத்தேன்.

"ஷெஃப், ஒண்ணு கேக்கணும். நேத்து சாஸ் பிரிஞ்சது என்னாலதானே? ஏன் சொல்லலை?"

"இல்லண்ணே... எங்க அப்பாவுக்கு இளையவரு மாதிரி இருக்கீங்க. எப்படிண்ணே சத்தம் போடறது?"

"உள்ள நான் உங்களுக்கு ட்ரெய்னி. வெளிய வந்தப்புறம் அண்ணன். உள்ள சொல்லலைன்னா நான் கத்துக்காமயே போயிடுவேன்."

கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "சரி. உள்ள பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வருத்தப்படக் கூடாது" என்றான். அன்று ராத்திரியே ஹாலண்டைஸ், அதாவது மஞ்சள்கருவில் வெண்ணெய் விட்டு அடிக்கிற அந்த சாஸ், மறுபடி பிரிந்தது. என் பெயரைச் சொல்லி கிச்சன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். வெண்ணெயை அவசரமாக ஊற்றியிருந்தேன், பாத்திரமும் சூடு அதிகம். ஒரு ஸ்பூன் வெந்நீரில் புது மஞ்சள்கருவை அடித்து, பிரிந்த சாஸைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டு எப்படி மீட்பது என்று அப்போதே காட்டினான். அதற்கப்புறம் அந்த சாஸ் என் கையில் பிரிந்ததில்லை. இப்போதும் அவனை நான் ஷெஃப் என்றுதான் கூப்பிடுகிறேன், தெருவில் பார்த்தாலும்.

உடம்பு பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். 14 வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவன் திடீரென்று ஒரு நாளைக்கு 10, 11 மணி நேரம் நின்றேன். இரண்டாவது மாதத்தில் காலையில் எழுந்து தரையில் பாதத்தை வைத்தால் குதிகாலில் ஆணி ஏறுகிற மாதிரி வலி. மலிவான ஷூதான் முதல் காரணம். நல்ல வழுக்காத கிச்சன் ஷூவுக்குச் செலவு செய்வதில் கணக்குப் பார்க்கவே கூடாது. கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை போட்டேன். ராத்திரி உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் வைத்து உருட்டினேன். டாக்டர் சொன்ன நீட்சிப் பயிற்சிகளைச் செய்து மூன்று மாதத்தில் வலி அடங்கியது. சூடு பட்டால் பேஸ்ட்டும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும். கொப்புளம் பெரிதென்றால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

நேரம் இன்னொரு விலை. பிரேக் ஷிஃப்ட் என்றால் காலை 11 முதல் 3, திரும்ப மாலை 7 முதல் 11. நடுவில் நாலு மணி நேரம் கடலூர் போய் வரக் கட்டாது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி என்று பஸ்ஸில் போக ஒரு மணி நேரம் ஆகிவிடும். முதலியார்பேட்டையில் மூன்று பேரோடு ஒரு அறை எடுத்து, வாரம் நாலு ராத்திரி அங்கேயே தங்கினேன். சென்னை, பெங்களூர்க் கூட்டம் வருகிற சனி, ஞாயிறு விடுப்பு கிடையாது. தீபாவளி கிடையாது. டிசம்பர் 31 புதுச்சேரியில் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். எனக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. மகளின் ஆண்டு விழாவுக்கு இரண்டு வருடமாக நான் போகவில்லை. இதை இப்போதும் நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. குடும்பத்தோடு இதைப் பேசி முடிக்காமல் யாரும் இறங்க வேண்டாம்.

சரி, பழைய வேலை வீணாய்ப் போனதா என்றும் கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதம் ஒரு இறால் ஐட்டத்தின் விலைக் கணக்கைத் தற்செயலாகப் பார்த்தேன். கிலோ 480 ரூபாய் என்று போட்டு, ஒரு தட்டுக்கு 120 கிராம், ஆகவே 58 ரூபாய் என்று எழுதியிருந்தது. ஆனால் தட்டில் போகிற 120 கிராம் உரித்த இறால். தலை, ஓடு போனால் ஒரு கிலோவில் எங்களுக்கு அரைக் கிலோதான் நின்றது. அப்படியானால் உரித்த இறால் கிலோ 960, தட்டுக்கு 115 ரூபாய். ஒரு தட்டுக்கு 57 ரூபாய்க்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் நானே எடை போட்டு உறுதி செய்துகொண்டு, தாளில் எழுதி சூ ஷெஃபிடம் தனியாகக் காட்டினேன். எல்லார் முன்னாலும் சொல்லவில்லை. மசாலா, எண்ணெய் எல்லாம் 25 ரூபாய் சேர்த்தால் 140. பொருள் செலவு விற்கிற விலையில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமென்றால் 467 ரூபாய்க்கு விற்க வேண்டும். அவர் விலையைக் கொஞ்சம் ஏற்றினார், தலையையும் ஓட்டையும் வறுத்து சூப்புக்கு ஸ்டாக் எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு மாதக் கடைசியில் சரக்குக் கணக்கெடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். நர்ஸ், டிரைவர், டீச்சர் என்று எந்த வேலையிலிருந்து வந்தாலும் அதிலிருந்து ஏதோ ஒன்று கிச்சனுக்கு உதவும். ஆனால் முதல் சில மாதம் அதைப் பற்றிப் பேசாமல் வெங்காயம் வெட்டுவது நல்லது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது நான் ஷிஃப்டில் இருந்தேன். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் போய், ஜெனரேட்டரும் பாதியில் நின்றது. ஷெஃப் முதலில் செய்தது ஃப்ரீசர் கதவுகளில் டேப் ஒட்டியதுதான். நிறைந்திருக்கிற ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள்வரை தாங்கும், சாதாரண ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம்தான். ஃபிரிட்ஜில் இருந்த பாலும் மீனும் முதலில் அடுப்பேறின. மெழுகுவத்தி வெளிச்சத்தில், தங்கியிருந்த விருந்தினர்களுக்கும் ஊழியர்களுக்கும் பெரிய பாத்திரத்தில் மீன் போட்டு ஒரு சோறு. மஞ்சக்குப்பம் மெஸ்ஸில் கற்ற தண்ணீர் அளவுதான் அன்று கை கொடுத்தது. இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் பக்கம் மூழ்க, வீட்டுக்குப் போக எனக்கு ஐந்து நாள் ஆனது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நான் வேலையை விட்டபோது அவர் அழுதார். "ஊர்ல கேட்டா என்னடா சொல்றது, எம்புள்ள சமையக்காரன்னா?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த காலத்தில் அந்த வேலைக்கு அவ்வளவுதான் மரியாதை. இரண்டு வருடம் என் வேலையைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

போன வருடம் எங்கள் ஷெஃப் புதுச்சேரிப் பழைய பிரெஞ்சு-தமிழ் வீடுகளின் சமையலை மெனுவில் கொண்டுவர நினைத்தார். அதில் வடகம் முக்கியம். பிரெஞ்சுக்காரர்கள் வடுவான் என்று சொல்வது நம் வடகத்தைத்தான், பெயரும் இங்கிருந்து போனதுதான். கடையில் வாங்கியது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுபோனேன். ஒரு உருண்டையைப் பிட்டு வெண்ணெயில் பொரித்து, கொடுவாத் துண்டின்மேல் விட்டார். வாசனை, தட்டுகளை வெளியே எடுத்துக் கொடுக்கிற பாஸ் மேடை வரைக்கும் போனது. "யார் போட்டது? மாசம் ரெண்டு கிலோ கிடைக்குமா?" என்றார்.

அம்மா பெயரில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தோம், அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்க் கட்டணம். அதில்லாமல் ஓட்டல் வாங்காது. அடுத்த செவ்வாய்க்கிழமை தராசோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, விளக்கெண்ணெய், உப்பு என்று அவர் கையால் அள்ளி அள்ளிப் போட்டதை ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதினேன். மூன்று தடவை அள்ளச் சொன்னேன். சின்ன வெங்காயத்தில் மட்டும் 20, 30 கிராம் முன்னே பின்னே வந்தது, கடுகும் வெந்தயமும் மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே எடை. 50 வருடம் போட்ட கை. காயக் காய உருண்டை எவ்வளவு எடை குறைகிறது என்று அவரே தினம் சாயந்திரம் தராசில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

முதல் பணம் வந்த அன்று அம்மா கணக்கு நோட்டை என் பக்கம் தள்ளி, "வெங்காய வெல, எண்ண வெல போட்டே சரி. வெயில்ல பத்து நாளு நான் காவல் இருந்தேனே, அது எங்கடா எழுதியிருக்க?" என்று கேட்டார். எழுதவில்லை. நான் கூலிக்கென்று ஒரு வரி சேர்த்து, விலையைத் திருத்தி ஷெஃபுக்கு அனுப்பினேன். அவர் ஒத்துக்கொண்டார். இப்போது ஐந்து கிலோவாகத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். பங்குனி வெயில் வரட்டும், அதுக்கு முன்னாடி யார் கேட்டாலும் கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டார்.